புருஷன் கையெழுத்து கேட்டாங்களா? மதுரைப் பக்கத்து பிரசவ, கருக்கலைப்பு அனுபவங்கள்

ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர், உசிலம்பட்டிப் பக்கம்:

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்துல வலி எடுத்தா முதல்ல ஆள் போறது மருத்துவச்சிப் பாட்டி வீட்டுக்குத்தான். குழந்தை நல்லபடியா பிறந்துரும், நஞ்சுக்கொடி விழாது. ரத்தம் போய்க்கிட்டே இருக்கும். பழைய சேலையை மடிச்சு மடிச்சு வைப்பாங்க, அதுவும் நனைஞ்சு போகும். வேன் பிடிச்சு மதுரை பெரியாஸ்பத்திரிக்கு வர்றதுக்குள்ள கண்ணு சொருகிரும்.

முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துல கர்ப்பிணிங்களுக்கு 1987ல 300 ரூபாய், 2006ல 6,000, 2018ல 18,000 ஆச்சு. காசுக்குத்தான் பொம்பளைங்க ஆஸ்பத்திரிக்கு வந்தாங்கன்னு பேசுறவங்க உண்டு. எனக்கு அது ஒப்பாது. நடுராத்திரி வலி எடுக்கும்போது ஆரம்ப சுகாதார நிலையம் பூட்டிக் கிடந்தா காசை வச்சு என்ன பண்ண? மூணு ஸ்டாஃப் நர்ஸைப் போட்டு 24 மணி நேரமும் திறந்து வச்சாங்க பாருங்க, அதுக்கப்புறம்தான் ஊரே மாறுச்சு.

இன்னொண்ணு, தாய் இறந்தா நடக்குற விசாரணை. தமிழ்நாட்டுல 1994லயே ஆரம்பிச்சாச்சு. எத்தனை மணிக்கு வலி, எப்ப வண்டி ஏறுனீங்க, ரத்தம் இருந்துச்சான்னு குடும்பத்தையும் கூப்பிட்டுக் கேப்பாங்க. கடைசியில பழி நர்ஸ் தலையிலதான் விடியும்னு எங்களுக்கு நடுக்கம், சில சமயம் அப்படித்தான் விடிஞ்சுச்சு. ஆனாலும் கேள்வி கேக்க ஆள் இருக்குன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. லட்சம் பிறப்புக்கு 2001-03ல 134 தாய்மார் இறந்தாங்க; 2018-20ல அது 54.

மேலூர்க்காரி:

அக்கா, பிரசவம் சரி. கலைக்கிறதைப் பத்தி ஏன் யாரும் வாயே திறக்கிறதில்லை? எங்க நாத்தனாருக்கு ரெண்டு பிள்ளை. அவங்க புருஷன் சிங்கப்பூர்ல இருக்கார். லீவுல வந்துட்டுப் போன பிறகு நாள் தள்ளிப்போச்சு. ஒரு தனியார் கிளினிக்ல, 'புருஷன் கையெழுத்து போட்டாத்தான்'னு திருப்பி அனுப்பிட்டாங்க. மாமியாருக்குத் தெரியக்கூடாதுன்னு மெடிக்கல்ல கலைக்கிற மாத்திரை கிட் வாங்கி முழுங்கிட்டாங்க, ஸ்கேன் கிடையாது, வாரக் கணக்கும் கிடையாது. மறுநாள் காலையில பாத்ரூம் தரையெல்லாம் கட்டி கட்டியா ரத்தம், உதடு வெளுத்து, 'தண்ணி குடு'ன்னு மட்டும் சொன்னாங்க. 108 வந்து தூக்கிட்டுப் போனாங்க. மிச்சத்தைச் சுத்தம் பண்ணி, ரத்தம் ஏத்தி, பிழைச்சது தெய்வச் செயல்.

புதூர்க்காரர்:

எங்க வீட்ல எட்டாம் மாசம் பிபி ஏறி, கண்ணு மங்கலா தெரியுதுன்னா. சுகாதார நிலையத்துலயே வலிப்பு வராம இருக்க ஊசி போட்டுத்தான் மதுரைக்கு அனுப்புனாங்க. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. மத்தபடி மேலூர் தங்கச்சி சொன்ன கதை எங்க தெருவுலயும் நடந்திருக்கு.

ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்:

தங்கச்சி, அந்த கிளினிக் சொன்னது சட்டத்துலயே இல்லை. 18 வயசு முடிஞ்ச பொண்ணுக்கு அவ கையெழுத்து மட்டும் போதும். 1971 கருக்கலைப்புச் சட்டத்துல இருந்தே அப்படித்தான். 2021ல திருத்துனதுல 20 வாரம் வரைக்கும் ஒரு டாக்டர் ஒப்புதல் போதும். 20ல இருந்து 24 வாரம் வரை, குறிப்பிட்ட நிலைமையில இருக்குறவங்களுக்கு ரெண்டு டாக்டர் சொல்லணும். கல்யாணம் ஆகாதவங்களை அதுல இருந்து ஒதுக்கக் கூடாதுன்னு 2022ல உச்ச நீதிமன்றமும் சொல்லிருச்சு. பேரை வெளியில சொன்னா தண்டனை உண்டு. இதெல்லாம் எந்த ஆஸ்பத்திரி சுவத்துல எழுதியிருக்கு, சொல்லுங்க? 'கருவுல ஆணா பெண்ணானு சொல்ல மாட்டோம்'ங்கிற ஸ்கேன் போர்டு மட்டும் பெருசா தொங்கும். கருவுல ஆணா பெண்ணானு சொல்றதுதான் குற்றம், சட்டப்படி டாக்டர்கிட்ட கலைக்கிறது இல்லை. எங்க பக்கம் ரெண்டையும் ஒண்ணா நினைச்சுப் பயந்து சாகுறாங்க.

கலைக்கிற மாத்திரை 9 வாரம் வரைக்கும்தான், அதுவும் டாக்டர் சீட்டோட. ரத்தசோகை இருக்குற உடம்பு கொஞ்சம் போனாலே தாங்காது.

மேலூர்க்காரி:

நாத்தனார் புருஷன் தையில மறுபடி வர்றார் அக்கா. மறுபடி உண்டாகாம இருக்க இப்பவே என்ன பண்ணலாம்?

ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்:

அரசு ஆஸ்பத்திரியில 'அந்தரா'ங்கிற கருத்தடை ஊசி இலவசம், மூணு மாசத்துக்கு ஒரு தடவை. காப்பர்-டியும் போடலாம். முதல்ல ஹீமோகுளோபின் பாக்கச் சொல்லுங்க. மாமியார் கேட்டா சத்து ஊசின்னு சொல்லிக்கட்டும்.