ஒழுங்கைப் போர்வைக் குழு

*ஞாயிறு*

ரீச்சர் மாமி: எல்லாருக்கும் வணக்கம். ஒன்பது போர்வை முடிந்துவிட்டது. மார்கழி பிறக்கும் முன் இன்னும் ஏழு வேண்டும். லொறி வருகிற சனி விடியப் போகிறது.

ரீச்சர் மாமி: புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்காக மறுபடி சொல்கிறேன். இவை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுக்குப் போகின்றன. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது சின்னஞ்சிறுசுகளை அங்கேதான் விட்டுவிட்டுப் போவார்கள். இங்கே வாடைக்காற்றுக்கே நாங்கள் காதை மூடிக்கொண்டு திரிகிறோம். நுவரெலியா நகரம் 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, தை மாதம் இரவில் பத்துப் பாகைக்குக் கீழே போகும், சில விடியல்களில் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும். தலவாக்கலை அதைவிடத் தாழ்ந்த இடம்தான். ஆனாலும் பிள்ளைகள் படுப்பது சீமெந்துத் தரையில்.

நேர்ஸ் தங்கச்சி: மாமி, அளவை ஒருக்கால் போடுங்கோ. போன தடவை நான் வெட்டினது சின்னதாகப் போய்விட்டது.

ரீச்சர் மாமி: ஆறரை அங்குலச் சதுரம், பிள்ளை. நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போனால் ஆறு நிற்கும். குறுக்கே 6, நீளத்துக்கு 8, மொத்தம் 48 துண்டு. தைத்து முடிய 36க்கு 48 அங்குலம் வரும். மூன்று நாலு வயதுப் பிள்ளை கால் மூடிப் படுக்கும்.

ரெய்லர் அண்ணை: வெட்டுவதற்கு முன் கட்டாயம் தோய்க்க வேண்டும். புதுப் பருத்தி முதல் தண்ணீரில் சுருங்கும். தோய்க்காத துண்டும் தோய்த்த துண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், அங்கே முதல் தோய்ப்பிலேயே ஒன்று மற்றதை இழுத்துப் பிடித்துச் சுருக்கு விழும்.

*திங்கள்*

பச்சைக் கேற் அக்கா: மாமி, நேற்றுக் கடை ஒன்றில் இருந்து வந்த உரப்பையை இப்போதுதான் பிரித்தேன். சொல்லவே மனம் வரவில்லை. மேலே ஒரு சாண் உயரத்துக்கு நல்ல சீத்தைத் துண்டுகள். அதற்குக் கீழே ஈரம், பூஞ்சணம், எலிப் புழுக்கை. மெசினுக்கு எண்ணெய் துடைத்த துணியும் இருக்கிறது. நடுவில் ஒரு பிள்ளையின் பழைய உள்ளுடுப்பு.

நேர்ஸ் தங்கச்சி: ஐயோ அக்கா. கையுறை போட்டுப் பிரியுங்கோ.

பச்சைக் கேற் அக்கா: கை கழுவிவிட்டேன். எனக்குத் துக்கம் அதுக்கில்லை. "ஏழைப் பிள்ளைகளுக்குத்தானே" என்று அந்தப் பையைக் கையில் தந்தார்கள். அந்தத் தானே என்கிற சொல்தான் இரவு முழுக்கக் காதுக்குள் நிற்கிறது.

ரீச்சர் மாமி: அக்கா, அந்தப் பையை அப்படியே கட்டி வையுங்கோ. நாளைக்கு நானே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்து, நாங்கள் கேட்டது போர்வைக்குத் துணி, குப்பை அல்ல என்று முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். சண்டைக்கு இல்லை. சொல்லாவிட்டால் அடுத்த பையும் அப்படித்தான் வரும்.

ரெய்லர் அண்ணை: சொல்லுங்கோ மாமி. நானும் இதே தொழில்தான். வெட்டுத்துண்டை மேசைக்குக் கீழே ஒரே பெட்டிக்குள் தள்ளிவிடுவோம், பிறகு அதில் எது நல்லது எது கூடாதது என்று பார்க்க எவருக்கும் நேரமில்லை. என் கடையில் இப்போது இரண்டு பெட்டி வைத்திருக்கிறேன், பருத்திக்கு ஒன்று, மற்றதுக்கு ஒன்று. பொடியன்கள் இரண்டு நாளில் பழகிவிட்டார்கள்.

பச்சைக் கேற் அக்கா: அண்ணை, பளபளப்பான துண்டுகள் நிறைய இருக்கின்றன. நல்ல நிறம். அதையும் சேர்க்கலாமோ?

ரெய்லர் அண்ணை: வேண்டாம் அக்கா. ஓரத்தில் இரண்டு நூல் உருவி நெருப்புக் காட்டிப் பாருங்கோ. பருத்தி என்றால் கடதாசி எரிகிற மணம் வரும், சாம்பல் ஊதப் பறந்துவிடும். பொலியெஸ்டர் என்றால் உருகிக் கறுத்து முத்துப் போலக் கட்டியாகும். லயத்து வீடுகளில் விறகடுப்பு. பிள்ளை போர்வையோடு அடுப்படிக்குப் போய்க் குந்தும். பருத்தியும் பற்றும்தான், ஆனால் மற்றது உருகித் தோலோடு ஒட்டிவிடும்.

நேர்ஸ் தங்கச்சி: அது உண்மை. வார்ட்டில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து ஒரு துண்டுகூடச் சேர்க்காதீர்கள்.

*செவ்வாய்*

ரீச்சர் மாமி: பை திருப்பிக் கொடுத்தாயிற்று. முதலாளி இல்லை, நின்ற பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு வாங்கியது. பின்னேரம் அதே பிள்ளை சைக்கிளில் வந்து ஒரு சொப்பிங் பை தந்துவிட்டுப் போனது. எல்லாம் தோய்த்து மடித்த துண்டுகள். வீட்டில் தாய் தைக்கிறவவாம். நான் தேத்தண்ணீர் குடிக்கச் சொல்லியும் நிற்கவில்லை.

ரெய்லர் அண்ணை: என்னிடம் இப்போது வெள்ளைதான் மலைபோலக் கிடக்கிறது. பள்ளிக்கூட யூனிபோர்ம் தைக்கிற காலம். எடுப்பீர்களோ?

ரீச்சர் மாமி: முழு வெள்ளையில் போர்வை வேண்டாம் அண்ணை. போர்த்துப் படுத்திருக்கிற பிள்ளையைப் பார்க்க எனக்கு வேறு நினைவு வரும். எந்தத் தாய்க்கும் வரும்.

நேர்ஸ் தங்கச்சி: நிறச் சதுரங்களுக்கு இடையே கரைபோல வைக்கலாம் மாமி. சதுரத்தை ஐந்தரையாகக் குறைத்து, ஒன்றரை அங்குலப் பட்டி ஒன்று போட்டால் அதே ஆறுதான் வரும்.

ரீச்சர் மாமி: கெட்டிக்காரி. அண்ணை, ஒரு சாக்கு வெள்ளை தாங்கோ.

*புதன்*

மூலைவீட்டு அக்கா: நான் இந்தக் குழுவில் பேசுவது குறைவு. ஒன்று கேட்க வேண்டும். அம்மாவின் ஆட்டைத் திவசம் போன கிழமை முடிந்தது. அலுமாரியில் அவவின் சீலைகள் இருக்கின்றன. எங்களில் சிலர் போனவரின் உடுப்பைக் கொடுக்கக்கூடாது என்கிறார்கள். பிள்ளைகளுக்குப் போகிறதில் சேர்க்கலாமோ?

ரீச்சர் மாமி: பிள்ளை, நீங்கள் பிறந்தபோது உங்களைச் சுற்றினது யாருடைய பழஞ்சீலை? உங்கள் அம்மம்மாவின் சீலையாகத்தான் இருக்கும். புதுத்துணி உரஞ்சும் என்று கிழவிகளின் சீலையைத்தானே தேடி எடுத்தோம். என்னைக் கேட்டால் தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் மனம் ஒப்பினால் மட்டும்.

மூலைவீட்டு அக்கா: மற்றவை பரவாயில்லை. ஒன்றுதான். சிவப்புக் கரை நூல் சீலை. 95இல் ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது அம்மா தோளில் போட்டுக்கொண்டு வந்தது. நாவற்குழிப் பாலத்தில் மழை, காலெடுத்து வைக்க இடமில்லாத சனம். தம்பிக்கு எட்டு மாதம், அதற்குள்தான் சுற்றி வைத்திருந்தா. பிறகு சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் அதையே ஏணையாகக் கட்டினா. ஜாம் போத்தல் விளக்குப் பட்டு ஓரத்தில் ஒரு ஓட்டை. சுண்டுவிரல் நுழையும். சுற்றிவர இன்னும் கபில நிறம்.

(சிறிது நேரம் எவரும் எழுதவில்லை.)

ரெய்லர் அண்ணை: தங்கச்சி, ஆறு யார் சீலை 216 அங்குலம். ஒரு போர்வையின் அடிப்பக்கத்துக்கு ஐம்பது அங்குலம் போதும். உங்கள் அம்மாவின் சீலையில் நாலு பிள்ளைகளுக்கு வரும். அகலமும் காணும். ஆனால் வெட்டத்தான் வேண்டும். வெட்டாமல் வழி இல்லை.

மூலைவீட்டு அக்கா: அதுதான் அண்ணை, கத்தரிக்கோலை எடுத்து இரண்டு தரம் திருப்பி வைத்துவிட்டேன்.

பரிஸ் தம்பி: அக்கா, இப்போதுதான் பார்த்தேன். வெட்டுங்கோ. பூச்சி உருண்டை போட்டு வைத்தாலும் ஒரு நாளைக்கு இராமபாணம் தின்னத்தான் போகிறது.

பரிஸ் தம்பி: எனக்கு எடுத்து வைக்க வேண்டாம். அந்த ஓட்டையைமட்டும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ.

*வியாழன்*

மூலைவீட்டு அக்கா: வெட்டிவிட்டேன். காலை ஆறரைக்கு, சாமிவிளக்கு ஏற்றிவிட்டு. முதல் வெட்டுக்குப் பிறகு கை நடுங்கவில்லை.

ரீச்சர் மாமி: நடுவுக்கு என்ன வைக்கிறீர்கள்?

மூலைவீட்டு அக்கா: அம்மாவின் பழைய துவாய்கள். இரண்டை மூட்டினால் காணும். மூன்று தட்டையும் சேர்த்து ஆறு அங்குலத்துக்கு ஒரு முடிச்சாகக் கட்டப் போகிறேன். மெசினில் ஓட்டத் தடிப்பு விடாது.

ரெய்லர் அண்ணை: முடிச்சு இரட்டையாகப் போடுங்கோ. நூல் நுனி அரை அங்குலம் நிற்கட்டும். ஒட்ட வெட்டினால் தோய்க்க அவிழும்.

பச்சைக் கேற் அக்கா: ஓட்டை வந்த துண்டு எதில்?

மூலைவீட்டு அக்கா: நாலாவதில், கால்மாட்டுப் பக்கம். அதற்கு மேல் என்ன ஒட்டுவது என்று தெரியவில்லை.

ரீச்சர் மாமி: முந்தாநாள் அந்தச் சைக்கிள் பிள்ளை தந்த பையில் மஞ்சள் பூப்போட்ட சீத்தைத் துண்டு ஒன்று இருக்கிறது, நல்ல மெதுமை. அதை வட்டமாக வெட்டி, ஓரம் மடித்துக் கையால் தைக்கலாம்.

லொறித் தம்பி: மாமி, சனி விடிய மூன்றரைக்குச் சந்தையடியில் நிற்பேன். கரட்டும் லீக்சும் இறக்கிவிட்டு வெறுமனே ஏறுகிற லொறி, இடம் தாராளம். மழை இருட்டாக இருக்கிறது, பொலித்தீனுக்குள் போட்டு வாய் கட்டித் தாங்கோ. பிள்ளைக் காம்பராவில் இருக்கிற அம்மாவிடம் என் கையாலேயே கொடுப்பேன்.

ரீச்சர் மாமி: எத்தனை என்று வெள்ளி இரவு சொல்கிறேன் தம்பி. பதினாறு வரும்.

மூலைவீட்டு அக்கா: மாமி, அந்த மஞ்சள் துண்டை எடுக்க இப்போது வரலாமோ?

ரீச்சர் மாமி: வாங்கோ பிள்ளை, படலை திறந்துதான் கிடக்கிறது. போர்வையையும் கொண்டு வாங்கோ. இரண்டு பேரும் இருந்து தைப்போம்.