பிரெஞ்சு தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே, போன ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி காந்தி வீதி சந்தையில் பழைய புத்தகக் குவியலுக்கு அடியிலிருந்து ‘தோர்கல்’ என்ற சித்திரக்கதைத் தொடரின் முதல் புத்தகம் கிடைத்தது, பிரெஞ்சில், அட்டை ஓரம் கிழிந்து, ஆனால் உள்ளே வண்ணம் அப்படியே இருக்கிறது. இந்த வைக்கிங் (பழங்கால வட ஐரோப்பியக் கடலோடி) நாயகனை நான் சிவகாசி லயன் காமிக்ஸ் வழியாகத் தமிழில்தான் படித்திருக்கிறேன். வான் ஹாம் எழுத, போலந்துக்காரர் ரோசின்ஸ்கி வரைய, 1977இல் தொடங்கிய தொடர்.

இதற்கு ஒரு நல்ல விமர்சனம் எழுத ஆசை. கதைச்சுருக்கம் மட்டும் எழுதுவது எனக்குப் பிடிக்காது, படம்தானே பாதிக் கதையைச் சொல்கிறது! தொடக்கத்திலேயே தோர்கலைப் பாறையில் கட்டிப்போட்டிருக்கிறார்கள், கடல் ஏறி வருகிறது, ஒரு பெண் வந்து காப்பாற்றுவதற்கு விலை பேசுகிறாள், ஒரு வருஷம் எனக்குச் சேவகம் செய் என்று. அவள் பேச்சில் அதட்டலா, ஏளனமா? கைபேசி மொழிபெயர்ப்பில் அந்தத் தொனி சுத்தமாகப் பிடிபடவில்லை.

புதுச்சேரியிலோ கடலூரிலோ பிரெஞ்சு படித்தவர்கள் யாராவது ஒரு சாயங்காலம் ஒதுக்க முடியுமா? ரோமன் ரோலண்ட் நூலகம் பக்கம் எங்கே சொன்னாலும் வருகிறேன். அப்புறம், ஓவியம் பயின்றவர்கள் இருந்தால், கோடு, நிழல், கட்ட அமைப்பு பற்றி எழுத எதைக் கவனிக்க வேண்டும் என்று இங்கேயே சொல்லுங்கள்.