களத்து ரேஸும் ஆறு மோட்டாரும்

குழு: கொழிஞ்சாம்பாறை கிழக்குத் தெரு
ஞாயிறு இரவு

தறிக்கார அண்ணன்: இன்றைக்குக் களத்தில் நடந்ததற்குப் பேர் ரேஸா? கோழிப்பண்ணை வீட்டு ரிமோட் கார் பத்துச் சுற்று ஓடினால் அரைச் சுற்று முன்னால் நிற்கிறது. மூன்று தடவையும் அப்படியே. எல்லோருக்கும் ஒரே வெள்ளி நிற டப்பா மோட்டார், அந்த 540 சைஸ், என்றுதானே பேச்சு?

மாடி வீட்டு அக்கா: பிள்ளைகள் விளையாட்டுங்க, விடுங்க.

தறிக்கார அண்ணன்: என் பையன் சாப்பிடாமல் படுத்துவிட்டான் அக்கா.

தறிக்கார அண்ணன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கோழிப்பண்ணை சித்தப்பா: நீக்குவதற்குள் படித்துவிட்டேன். காயில் மாற்றிக் கட்டினேனா? மோட்டாரை அப்போதே ரீவைண்டிங் மாமாவிடம் கொடுத்தாச்சு. அவரே சொல்லட்டும்.

ரீவைண்டிங் மாமா: பட்டறையில்தான் இருக்கிறேன். கேட்டுக்கோங்க. 27 சுற்றுக் காயில் போட்ட மோட்டார் இது. சுற்றைக் குறைத்துக் கம்பியைத் தடிமனாகக் கட்டினால் வேகம் ஏறும், கரண்டும் குடிக்கும். ஆனால் அதற்கு மூடியைக் கழற்ற வேண்டும். இதில் டப்பாத் தகட்டையே மடக்கி மூடியைப் பிடித்திருக்கிறார்கள். மடிப்பை ஒரு தடவை நிமிர்த்தினாலும் கீறல் விழும். லென்ஸ் வைத்துப் பார்த்தேன், ஒரு கீறலும் இல்லை.

நான்: மூடியைத் திருகி டைமிங்கை, அதாவது காயிலுக்குக் கரண்டு போகும் நேரத்தை, முன்னால் தள்ளியிருந்தால் மாமா?

ரீவைண்டிங் மாமா: அதையும் பார்த்தேன் தம்பி. கார்பன் உட்காரும் இடத்தைக் கொஞ்சம் நகர்த்தினால் மோட்டார் ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் சுற்றும். பிளஸ் மைனஸை மாற்றி மாற்றிக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் ஒரே வேகம், ஒரே ஆம்பியர். சத்தம்கூட மாறவில்லை. மோட்டார் சுத்தம்.

கோழிப்பண்ணை சித்தப்பா: 🙏 இப்போது என்ன சொல்கிறீர்கள் மாப்பிள்ளை?

தறிக்கார அண்ணன்: தப்பாகப் பேசிவிட்டேன், மன்னிச்சுக்கோங்க. ஆனால் ஒன்று கேட்கிறேன். மொத்தம் எத்தனை மோட்டார் வாங்கினீர்கள்?

(பத்து நிமிடம் யாரும் பேசவில்லை.)

கோழிப்பண்ணை சித்தப்பா: ஆறு. கோயம்புத்தூர் போனபோது வாங்கினேன். ஓட்டிப் பார்த்து நன்றாக இருந்ததைப் போட்டேன். அது தப்பா?

டீச்சர் அக்கா: விதியில் தப்பில்லை சித்தப்பா. ஆனால் ஒன்று வாங்கவே உண்டியலை உடைத்த பிள்ளையும் அதே கோட்டில்தான் நிற்கிறது.

கொப்பரைக்கடை அண்ணன்: ஒரே கம்பெனி, ஒரே அச்சு. ஆறில் ஒன்று மட்டும் எப்படி ஓடும்?

ரீவைண்டிங் மாமா: மலிவு மோட்டார் அப்படித்தான். காந்தம் ஒன்றில் கொஞ்சம் பலமாக இருக்கும், கார்பனை அழுத்தும் ஸ்பிரிங் ஒன்றில் தளர்வாக இருக்கும், அச்சைத் தாங்கும் புஷ் ஒன்றில் இறுக்கமாக இருக்கும். இன்னொன்று சொல்கிறேன். சூடேறிக் காந்தம் செத்த மோட்டார் சும்மா சுற்றும்போது வேகமாகத்தான் தெரியும், பாரம் வைத்தால் படுத்துவிடும். அதனால் கையில் பிடித்துச் சுற்றவிட்டுப் பொறுக்குகிற கெட்டிக்காரர்கள் ஜாக்கிரதை 😀

நான்: அமெரிக்காவில் மலிவு கார்ப் பந்தயங்களில் ஒரு ஏற்பாடு உண்டு. ஜெயித்தவரின் இன்ஜினை, முன்பே பேசிய விலையைக் கொடுத்து, தோற்றவர் கேட்டால் கொடுத்துவிட வேண்டும். அதில் காசைக் கொட்டினால் கொட்டியவருக்குத்தான் நஷ்டம்.

கொப்பரைக்கடை அண்ணன்: ரேக்ளாவில் ஜெயித்த மாட்டைச் சந்தை விலைக்குக் கேட்டுப் பார். குத்து விழும். மாட்டிடம் இல்லை, மாட்டுக்காரரிடம்.

டீச்சர் அக்கா: வேண்டாம், ஊருக்குள் சண்டைதான் வரும். மோட்டாரையே பொதுவாக வைத்தால் என்ன? ஒரு டப்பாவில் போட்டு ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் சீட்டு எடுக்கலாம். ஓடி முடித்ததும் டப்பாவுக்கே திரும்பிவிட வேண்டும்.

தறிக்கார அண்ணன்: என் பையனுக்கு மட்டமானது வந்தால்?

டீச்சர் அக்கா: அடுத்த ஓட்டத்தில் அது வேறு வீட்டுக்குப் போகும். மூன்று ஓட்டத்தின் புள்ளியைக் கூட்டிக்கொள்வோம்.

நான்: மோட்டார் மட்டும் போதாது. மோட்டார் முனையில் மாட்டும் சின்னப் பல்சக்கரம், அந்தப் பினியனில், 21 பல்லுக்குப் பதில் 22 போட்டாலே ஏறக்குறைய 5 சதவீதம் வேகம் கூடும். இன்றைக்குத் தெரிந்த இடைவெளியே அவ்வளவுதான்! அதனால் எல்லோருக்கும் 22. பேட்டரியும் 7.2 வோல்ட் நிக்கல் மட்டும். போன மாதம் ஒருவர் கொண்டுவந்த லிப்போ என்கிற லித்தியம் பேட்டரி முழுச் சார்ஜில் 8.4 வோல்ட், பாரம் ஏறினாலும் லேசில் இறங்காது. யார் என்று சொல்ல மாட்டேன்.

கொப்பரைக்கடை அண்ணன்: 🙄

கோழிப்பண்ணை சித்தப்பா: சரி, என் ஆறையும் டப்பாவில் போட்டுவிடுகிறேன். காசு வேண்டாம்.

கோழிப்பண்ணை சித்தப்பா: அந்த நல்லதும்தான்.

ரீவைண்டிங் மாமா: கொண்டாங்க. எல்லாவற்றின் மடிப்பிலும் நகப்பாலீஷ் ஒரு சொட்டு வைத்து நம்பர் போட்டுவிடுகிறேன். எவனாவது திறந்தால் பொரிந்து விழும். மாடி வீட்டு அம்மிணி, பாட்டில் ஒன்று கிடைக்குமா?

மாடி வீட்டு அக்கா: சிவப்பு தர மாட்டேன். காய்ந்துபோன நீலம் ஒன்று இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கோங்க.

தறிக்கார அண்ணன்: சித்தப்பா, பையன் எழுந்து தோசை கேட்கிறான் 😀 அந்த நல்ல மோட்டாருக்கு என்ன நம்பர் போடுவீர்கள் என்றும் கேட்கிறான்.

ரீவைண்டிங் மாமா: அது மட்டும் எனக்கே தெரியாதபடி கலைத்துவிட்டுத்தான் போடுவேன்.

அப்பிச்சி: (குரல் பதிவு, 0:11)

டீச்சர் அக்கா: கேட்க முடியாதவர்களுக்கு: களத்தில் சனிக்கிழமை வரை கொப்பரை காயுமாம். ஞாயிறு நாலு மணிக்கு முன்னால் எவன் காரையாவது அங்கே பார்த்தால் மோட்டாரை மட்டுமில்லை, சக்கரத்தையும் டப்பாவில் போடுவாராம்.