பினாங்கு வயலும் 140 சென்டிமார்கனும்

பாபநாசத்துக்காரன்:

எங்கள் குடும்பத்துக்கு மூன்று மா நிலம் ஒன்று உண்டு. ஏக்கர் கணக்கில் சொன்னால் ஒரு ஏக்கர் சொச்சம். வீட்டில் யாரும் அதைச் சர்வே எண் சொல்லிப் பேசியதில்லை, 'பினாங்கு வயல்' என்றால்தான் தெரியும். ஏன் அந்தப் பேர் என்று சின்ன வயதில் கேட்டேன். "பினாங்கு போனவன் எவனோ வாங்கினது" என்றார் அப்பா. அந்த எவனோவைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருடம் ஆனது.

ஆனால் தேடல் நிலத்தில் தொடங்கவில்லை. அமெரிக்காவில் இருக்கும் மகள் லீவுக்கு வந்தபோது ஒரு டிஎன்ஏ குப்பியைக் கொடுத்து எச்சில் துப்பச் சொன்னாள். முடிவு வந்தது. நான் தென்னிந்தியனாம். "இதைச் சொல்ல அவனுக்கு ஆறு வாரமா?" என்றார் பெரியப்பா. அதே பக்கத்தில் கீழே, மலேசியாவில் ஈப்போவில் இருக்கும் ஒரு அக்காவுக்கும் எனக்கும் 140 சென்டிமார்கன் (இருவருக்கும் பொதுவான டிஎன்ஏ துண்டுகளின் நீளத்தை அளக்கும் அலகு) பொருந்துவதாகப் போட்டிருந்தது. அவருடைய தாத்தாவோ பாட்டியோ என் தாத்தாவோடோ பாட்டியோடோ கூடப் பிறந்தவராக இருக்கலாம் என்று ஒரு கணிப்பும் இருந்தது.

அதை நம்பி எட்டு மாதம் வீணாக்கினேன். தாத்தாவோடு பிறந்தவர்கள் நாலு பேர். நாலு பேருமே ஊரிலேயே வாழ்ந்து ஊரிலேயே போய்ச் சேர்ந்தவர்கள். அப்படியானால் தாத்தாவுக்கு வேறு எங்காவது ஒரு குடும்பம் இருந்ததா என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன். அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

பிழை என்னுடையதுதான். அம்மா, அப்பாவுக்குச் சொந்த அத்தை மகள். தாத்தா கட்டியதோ தன் அக்கா மகளை. இப்படிச் சொந்தத்துக்குள்ளேயே கட்டிவந்த குடும்பத்தில் ஒரே முன்னோரின் டிஎன்ஏ துண்டுகள் இரண்டு மூன்று வழியாக வந்து சேரும், கூட்டுத்தொகை வீங்கிவிடும். அந்தக் கணிப்பு இப்படிப்பட்ட கல்யாணங்களை மனதில் வைத்துச் செய்ததல்ல. தாத்தாக்கள் உடன்பிறந்தவர்கள் என்றால் பேரப்பிள்ளைகளுக்குள் சராசரியாகச் சுமார் 230 சென்டிமார்கன் பொருந்தும், பூட்டன்கள் உடன்பிறந்தவர்கள் என்றால் சுமார் 73. எங்கள் 140 நடுவில் தொங்கியது. அப்புறம்தான் மிக நீளமான துண்டு எவ்வளவு என்று பார்த்தேன். வெறும் 17. மீதியெல்லாம் பொடிப் பொடித் துண்டுகள். நெருங்கிய உறவு என்றால் நீளத் துண்டுகள் இருக்க வேண்டும். ஆக, ஒரு தலைமுறை மேலே ஏற வேண்டியிருந்தது. நம்மவர்கள் யார் பரிசோதனை செய்தாலும் கூட்டுத்தொகையை விட்டுவிட்டு முதலில் நீளத் துண்டைப் பாருங்கள்.

ஈப்போ அக்காவின் தம்பியும் நானும் ஒய் குரோமோசோம் பரிசோதனையும் செய்தோம். அது அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது, அத்தை மகள், அக்கா மகள் குழப்பமெல்லாம் அதில் கிடையாது. பொருந்தியது. சந்தோஷம் ஒரு நாள்தான். ஊரில் எங்களுக்குப் பங்காளி வீடு பதினொன்று, அத்தனை பேருக்கும் அதே ஒய்தானே? எந்த வீட்டிலிருந்து கப்பலேறினார் என்பதை எச்சில் சொல்லாது.

சரி, பத்திரம் சொல்லுமா என்று கிளம்பினேன். இணையத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் 1975-க்கு இந்தப் பக்கம்தான் வந்தது. அதற்கு முந்தியதற்குப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் நேரில் மனுக் கொடுத்து, பெயர் அட்டவணையை ஆள் வைத்துப் புரட்ட வேண்டியிருந்தது. கிராமத்து நிலங்களின் விவரமுள்ள 'அ' பதிவேட்டில் பழைய சர்வே எண் இருந்தது, அது பெரிய உதவி. நான் போன அலுவலகத்தில் 1921-ஆம் வருடத் தொகுதியைக் கறையான் தின்றுவிட்டது என்றார்கள். மூன்றாம் முறை போனபோது கறையான் அதைத் திருப்பிக் கொடுத்திருந்தது.

கிரயப் பத்திரத்தில் வாங்கியவர், ராமசாமி மகன் முத்துசாமி. (பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) தலையில் கை வைத்தேன். பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது நம் வழக்கம், பேரன் என்ற சொல்லே பெயரன்தான். எங்கள் பங்காளிகளில் ராமசாமி மகன் முத்துசாமி, அவர் மகன் ராமசாமி, அவர் மகன் மறுபடியும் முத்துசாமி என்று வீட்டுக்கு வீடு ஓடும். அந்த வருடம் உயிரோடிருந்த ராமசாமி மகன் முத்துசாமிகள் மட்டும் நாலு பேர்.

கடைசியில் காப்பாற்றியது 1936-ஆம் வருடத்துப் பாகப்பிரிவினை. பினாங்குப் பக்கம் போயிருக்கும் தம்பி அனுப்பிய பணத்தில் வாங்கிய நிலம், அவன் திரும்பிவரும்வரை அண்ணன் அனுபவித்து வரவேண்டியது என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. அந்த அண்ணன் என் பூட்டன். பெரியப்பா வீட்டுப் பரணில் கிடந்த கணக்கு நோட்டில் 'சௌமிய ௵ தை ௴ கப்பல்' என்று ஒரு வரி (௵ வருடம், ௴ மாதம்). சௌமிய வருடம் அறுபது வருடத்துக்கு ஒருமுறை வரும், 1850 ஜனவரியா 1910 ஜனவரியா? 1921-ல் நிலம் வாங்கியவர் 1850-ல் கப்பலேறியிருக்க முடியாது. 1910 என்றால் ரப்பர் விலை உச்சத்தில் இருந்த வருடம், தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஊர் ஊராக வந்து ஆள் பிடித்த காலம்.

ஈப்போ அக்கா ஊருக்கு வருகிறார் என்றதும் வீட்டில் கேட்ட முதல் கேள்வி: "நிலத்துக்கா?"

செங்கல்பட்டு மருமகள்:

உங்களுக்கு நிலம் இருந்தது, பத்திரம் இருந்தது. நிலமே இல்லாதவருக்கு எந்தப் பத்திரத்தைப் புரட்டுவது?

என் மாமனாருக்கும் தென்னாப்பிரிக்காவில் டர்பனில் இருக்கும் ஒரு ஆசிரியருக்கும் 61 சென்டிமார்கன் பொருந்தியது. அவர்கள் பக்கம் ஆவணம் அபாரம். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் போய்ச் சேர்ந்தது தொடங்கி 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் கூலிகளாகப் போனார்கள். அந்தக் கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் எண், அப்பா பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பிலுள்ள தழும்பு வரை உண்டு. ஆசிரியரின் பூட்டனுக்கு இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. ஊர்ப் பெயரை ஆங்கிலக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருந்தார், வாய்விட்டு ஏழெட்டு முறை படித்த பிறகுதான் எங்கள் ஊர் என்று பிடிபட்டது.

இந்தப் பக்கம் ஒன்றுமில்லை. பண்ணையாளின் பெயர் எந்தப் பட்டாவில் ஏறும்? ஒரு வருடம் கழித்து 'அ' பதிவேட்டின் குறிப்புப் பகுதியில் டி.சி. என்று இரண்டு எழுத்தைப் பார்த்தார் என் வீட்டுக்காரர். 'டிப்ரஸ்டு கிளாஸ்' என்பதன் சுருக்கம், அதாவது தாழ்த்தப்பட்டவர்களுக்கு அரசு கொடுத்த பஞ்சமி நிலம். செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891-ல் கொடுத்த அறிக்கையை வைத்து 1892-ல் அரசு உத்தரவு போட்டுக் கொடுக்கத் தொடங்கியது. பழைய ஒப்படைப்புப் பதிவைத் தேடிப் போனால், கப்பலேறியவரின் தம்பி பெயர் அங்கே இருக்கிறது, அப்பா பெயரோடு. கப்பல் பட்டியலில் இருந்த அதே அப்பா பெயர்.

தாழ்த்தப்பட்டவர் அல்லாத யாருக்கும் விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம். இப்போது அதன் பட்டாவில் இருப்பவர் யார் என்று இங்கே எழுத விரும்பவில்லை.

ஈப்போ அக்கா:

தம்பி எழுதியதில் என் பக்கத்துக் கதை விட்டுப்போச்சு.

எங்களிடம் இருந்தது பிஸ்கட் டின்னில் நாலு மணியார்டர் ரசீது, அவ்வளவுதான். அதில் ஊர் எழுத்து அழிந்து 'பாபநாசம்' மட்டும் தெரியும். ஜப்பான்காரன் காலத்தில் கடிதம் நின்றது. தாத்தாவின் அண்ணனைச் சயாம் ரயில் போடக் கொண்டுபோனார்கள், அவர் திரும்பவில்லை. அதற்குப் பிறகு ஊரைப் பற்றிப் பேச யாருமில்லை. நான் 2009-ல் பாபநாசம் என்று விசாரித்துத் திருநெல்வேலிப் பாபநாசத்துக்குப் போய், தாமிரபரணியில் குளித்து, சாமி கும்பிட்டு, பூர்வீகத்தைப் பார்த்துவிட்டேன் என்று அழுதுவிட்டு வந்தவள். தஞ்சாவூரில் இன்னொரு பாபநாசம் இருக்குன்னு ஒருத்தரும் சொல்லலை.

போன மாசிக்கு இந்தப் பாபநாசம் போனேன். வயலில் உளுந்து போட்டிருந்தார்கள். மூன்று நாள் எல்லாரும் தாங்கித் தாங்கிக் கவனித்தார்கள், ஆனால் ஆளாளுக்கு என் முகத்தையே பார்த்தார்கள். மூன்றாம் நாள் ராத்திரி பெரியப்பா மெதுவாகக் கேட்டார், "ஏம்மா, பட்டாவுல உன் பேரையும் சேர்க்கணுமா?"

ஈப்போவில் எங்க அப்பா விட்டுப்போன ஒரு வீட்டுக்கு நாங்க மூணு பேர் ஆறு வருசமா கோர்ட்டுக்கு நடக்கிறோம் பெரியப்பா, இது வேறயா என்றேன். அப்புறம்தான் மனிதர் சிரித்தார். மறுநாள் கிளம்பும்போது அஞ்சு கிலோ உளுந்து கட்டிக் கொடுத்தார், விமான நிலையத்தில் எடை கூடிப்போய் இரண்டு சேலையை எடுத்துவிட்டுத்தான் அதைக் கொண்டுவந்தேன்.