மேசன், லயன்ஸ், சாரணர்: உள்ளே நடக்கிற சடங்கை நேர்ல பார்த்தவங்க எழுதுங்க

கொள்ளிடக்கரையான்:
திருச்சிப் பக்கம் ஒரு பழைய மேசன் ஹால், ஃப்ரீமேசன்ங்கிற சங்கத்துக்காரங்க கூடிச் சடங்கு நடத்துற இடம். எங்க தெருவுல அதுக்குப் பேரு தலைவெட்டி பங்களா. அப்பா கொத்தனார், லீவுல நான் சித்தாள். பூச்சு வேலை முடியிற நேரத்துல கோட்டு போட்டவங்க கார்ல வந்து இறங்கினாங்க. வக்கீல் ஐயா ஒருத்தர் பெட்டியைத் திறந்து அவங்க கழுத்துல மாட்டுற நீலப் பட்டைகளை மேசையில பரப்பினார். ஒவ்வொண்ணோட நுனியிலயும் வெள்ளியில ஒரு சாமான் தொங்குது. மூலைமட்டம், ரசம் இல்லாத பழைய மாதிரி மட்டம், தூக்குக்குண்டு. அப்பா கரண்டியைக் கீழ வச்சுட்டார்.

“எல்லாம் உங்க சாமான்தான் மேஸ்திரி”ன்னு வக்கீல் சிரிச்சார். மூலைமட்டம் தலைவருக்காம், நடத்தை கோணக் கூடாது. மட்டம்னா எல்லாரும் சமம். தூக்குக்குண்டுன்னா நேர்மை. அப்பா அதை விரல்ல தொட்டுப் பார்த்தார். குண்டு பலகையோட சேர்த்து வார்த்தது, அசையல. “ஆடாத குண்டு எப்படிங்க ஐயா தூக்குப் பார்க்கும்?”னு கேட்டார். வக்கீல் வாயைத் திறக்கல. கிண்டலுக்குக் கேட்டாரா, நிஜமாவே கேட்டாரான்னு எனக்கு இப்ப வரைக்கும் பிடிபடல.

தஞ்சை நெல்மணி:
தலைவெட்டின்னெல்லாம் எழுதாதீங்க தம்பி, நான் உள்ள இருக்கிறவன். சேர்ற அன்னிக்கு மோதிரம், செயின், வாட்ச், சில்லறை எல்லாத்தையும் வெளியிலயே வாங்கிட்டாங்க. கண்ணைக் கட்டிக் கூட்டிப் போனது, சத்தியம் வாங்கினது எல்லாம் புத்தகங்கள்லயே இருக்கு, விடுங்க. கட்டை அவிழ்த்த பிறகு வடகிழக்கு மூலையில நிறுத்தினாங்க. நம்ம ஊர்ல மனை முகூர்த்தம் பண்ற அதே ஈசானி மூலை. “ஏழைங்களுக்கு உங்களால ஆனதைக் குடுங்க.” கை தானா இடுப்புக்குப் போச்சு. ஒண்ணும் இல்ல. கடையில தினம் ஆயிரக்கணக்குல புழங்குறவன், எல்லாரும் பார்த்துக்கிட்டிருக்க, வெறுங்கையோட நிக்கிறேன். காது சுட்டுது. இல்லாதவன் வந்து கேட்டா இதை நினைச்சுக்கோன்னாங்க. அதுக்கப்புறம் கடை வாசல்ல யாரையும் “போய்ட்டு வா”ன்னு அனுப்ப முடியல.

வெள்ளைக்காரன் சமாச்சாரம்னு ஒதுக்கிடாதீங்க. ஆற்காடு நவாப் மகன் உம்தத்-உல்-உம்ரா 1770-கள்லயே திருச்சியில சேர்ந்தவர். உள்ள கீதை, குர்ஆன், பைபிள்னு அவரவர் நூல் மேலதான் சத்தியம். அரசியலும் மதமும் பேசக் கூடாது. நம்ம ஊர் டீக்கடையில அந்த விதி ஒரு மணி நேரம் தாங்குமா?

கும்பகோணத்துப் பேத்தி:
@நெல்மணி சார், சமம்னு மட்டத்தைக் கழுத்துல மாட்டிக்கிறீங்க, பொம்பளைங்களை மட்டும் வாசலோட நிறுத்திடுறீங்க. அன்னி பெசன்ட் 1902-லயே லண்டன்ல ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ற லாட்ஜ், அதாவது மேசன் கிளை, ஆரம்பிச்சாச்சு. உங்க தலைமை அமைப்பான இந்திய கிராண்ட் லாட்ஜ் 1961-ல வந்தது, அப்பவும் ஆம்பளைங்க மட்டும்.

எங்க தாத்தாவும் மேசன்தான்னு அவர் போன பிறகுதான் தெரிஞ்சது. டிரங்குப் பெட்டியில பாட்டியோட கூறைப்புடவைக்கு அடியில வெள்ளையா, நீல ஓரம் வச்ச ஏப்ரன் ஒண்ணு. பாட்டி ஆசையா கன்னத்துல வச்சுப் பார்த்தா. யாரோ “அது ஆட்டுக்குட்டித் தோல்”னு சொன்னதுதான் தாமதம், தூக்கிப் போட்டுட்டுக் கிணத்தடிக்கு ஓடினா. குடம் குடமா தலையில கொட்டிண்டா. மடியா இருக்கிற அகத்துல இத்தனை வருஷம் அது பட்டுக்கு அடியிலயே இருந்திருக்கு! களங்கமில்லாத மனசுக்கு அடையாளமாம் அந்தத் தோல்.

மாயவரம் மணி:
எங்க லயன்ஸ் கிளப்புல டெயில் ட்விஸ்டர்னு ஒரு பதவி. அபராதம் போடுறதுதான் வேலை, அப்பீல் கிடையாது. ரைஸ் மில் முதலாளி ஒருத்தர் சட்டையில கிளப் பின் குத்தாம வந்ததுக்கு ஐம்பது ரூபா தீட்டினோம். அவரோட கணக்குப்பிள்ளை கதவுகிட்ட நின்னு கர்ச்சீப்பால வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சதை நினைச்சா இன்னும் சிரிப்பு வருது. அபராதம் போடுற ஆளுக்கே அபராதம் போடணும்னா வந்திருக்கிற அத்தனை பேரும் ஒத்துக்கணும். அவ்வளவுதான் என் கதை.

திருவாரூர் சாரணன்:
சாரணர்ல இடது கையாலதான் கை குலுக்குவோம். கேடயம் பிடிக்கிற கையை நீட்டினா உன்னை நம்புறேன்னு அர்த்தம்னு சார் சொல்லிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்த பெரியப்பாகிட்ட இடது கையை நீட்டினேன், அம்மா கரண்டியாலயே ஒண்ணு போட்டாங்க.

@பேத்தி அக்கா, சண்டை எதுக்கு? வீட்டுல பிள்ளைங்க இருந்தா சாரணர்ல சேர்த்து விடுங்க, பெண்களுக்கு சாரணியர் இருக்கு. மூணு விரல் சல்யூட்ல உறுதிமொழியோட மூணு பாகமும் வந்துடும்: கடவுளுக்கும் நாட்டுக்கும் கடமை, பிறருக்கு உதவி, சாரணர் சட்டத்துக்குக் கீழ்ப்படிதல். பிரவேஷ்ங்கிற முதல் படியில ஆரம்பிச்சுப் படிப்படியா போனா ராஜ்ய புரஸ்கார்ங்கிற மாநில விருது, அதுக்கும் மேல ராஷ்டிரபதி விருது வரைக்கும் போகலாம். பத்தாவது வந்தா டியூஷனைச் சொல்லி நிறுத்திடுவாங்க, அதனால ஆறாம் வகுப்புலயே ஆரம்பிங்க. முடிச்சுகளை நைலான் கயிறுல பழக விடாதீங்க, வழுக்கும், பருத்திக் கயிறு வாங்குங்க. யூனிஃபார்மை ஒரு சைஸ் பெருசாவே தைக்கச் சொல்லுங்க, டெய்லர் ஃபிட்டா தைக்கிறேன்னு அடம் பிடிப்பார், விடாதீங்க.