ஆண்ட்ராய்டு ஆப்: ஜாவாவிலேயே இருக்கலாமா, கோட்லினுக்கு மாறலாமா?

கேள்வி (திருப்பூர்):
வணக்கமுங்க. பவர்டேபிள் (பனியன் தைக்கற) யூனிட்டுகளுக்கு பீஸ் ரேட் கூலி போடற ஆப் ஒண்ணு ஜாவாவுல எழுதியிருக்கேன். சனிக்கிழமை சம்பள நேரத்துலதான் வெசனம். ஏதோ ஒரு டெய்லருக்கு பீஸ் எண்ணிக்கை போடாம விட்டுட்டா, மொத்தம் கூட்டற இடத்துல 'நல் பாயிண்டர் எக்செப்ஷன்' (மதிப்பே இல்லாத, அதாவது 'நல்'லான இடத்தைத் தொட்டா வர்ற பிழை) வந்து ஆப் மூடிக்குது. கோட்லின்ங்கற இன்னொரு நிரல் மொழியில இந்தத் தொல்லையே வராதுங்கறாங்க. ரெண்டும் கடைசியில ஒரே பைட்கோடாத்தானே (ஓட்டறதுக்கு முன்னாடி வர்ற இடைநிலைக் குறியீடு) ஆகுது, மாறி என்ன ஆகப்போகுதுங்க?

பதில் (பீளமேடு):
எண்ணிக்கையை 'இன்டிஜர்'னு வச்சிருப்பீங்க தம்பி. 'இன்ட்'டா இருந்தா நல் ஆகவே ஆகாது. இன்டிஜர் ஆப்ஜெக்ட், காலியா இருக்கலாம். கூட்டறப்போ ஜாவா அதுக்குள்ள இருக்கற எண்ணை எடுக்கப் பார்த்து விழுது. கம்பைலர் (எழுதின கோடை பைட்கோடா மாத்தற கருவி) முன்னாடியே சொல்லாது. கோட்லின்ல அதே ஃபீல்டை 'இன்ட்?'னு கேள்விக்குறியோட எழுதணும். காலின்னா என்ன பண்ணணும்னு நீங்க சொல்லாத வரைக்கும் கம்பைலே ஆகாது. பைட்கோடு ஒண்ணா இருந்தாலும் தப்பு உங்ககிட்டயே மாட்டிக்கும், யூனிட்டுக்குப் போகாது.

ஆண்ட்ராய்டுக்கு கோட்லின்தான் என் முடிவு. 2017ல கூகுள் அதிகாரப்பூர்வமா ஏத்துக்கிச்சு, 2019ல கோட்லினுக்கே முதலிடம்னு அறிவிச்சுது. ஸ்கிரீன் எழுத கூகுள் தர்ற 'ஜெட்பேக் கம்போஸ்' கருவியை ஜாவாவுல எழுத வழியில்ல.

பதில் (ஈரோடு):
அண்ணன் சொல்றது சரிதானுங்க. ஆனா 'தொல்லையே வராது'ன்னு நம்பிறாதீங்க. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவுல ஜாவா ஃபைலை கோட்லினா மாத்தற வசதி இருக்குது. அது அங்கங்க '!!' ('இது காலியா இருக்காது'ன்னு கம்பைலருக்கு உறுதி சொல்ற குறி) போட்டு வைக்கும். அந்த இடத்துல நல் வந்தா பழையபடியே விழும். ஒவ்வொண்ணையும் கையால பாருங்க. பழைய ஜாவா கிளாஸ்ல இருந்து வர்ற மதிப்பையும் கோட்லின் கண்டிப்பா சோதிக்காது. அங்க 'நல்லபிள்' (நல்லா இருக்கலாம், அதாவது காலியா இருக்கலாம்ங்கற) குறிப்பு போட்டு வச்சாத்தான் கண்டுக்கும்.

இன்னொண்ணு, இதுதான் முக்கியமுங்க. கம்பைலர் கேக்குதேன்னு 'காலின்னா 0'ன்னு எழுதிறாதீங்க. ஆப் விழாது, ஆனா அந்த டெய்லர் தைச்ச பீஸுக்குக் கூலி கிடைக்காமப் போயிரும், யாருக்கும் தெரியவும் தெரியாது. அதுக்கு ஆப் மூடறதே தேவலை. காலியா இருந்தா அந்த ஆளோட கணக்கை நிறுத்தி, சூப்பர்வைசர்கிட்டக் கேக்கற மாதிரி வைங்க.

கேட்டவர்:
இது எனக்குத் தோணவே இல்லீங்கண்ணா. மொத்த ப்ராஜெக்ட்டையும் ஒரேடியா மாத்தணுங்களா? நாளைக்கு வேலைக்குப் போனா ஜாவா வேணுமே?

பதில் (பீளமேடு):
வேண்டாம் தம்பி, ஒரே ப்ராஜெக்ட்ல ரெண்டும் சேர்ந்தே ஓடும். கூலிக் கணக்கு ஃபைலை மட்டும் மொதல்ல மாத்துங்க. ஜாவா வீண் போகாது. கோட்லின்ல எழுதினாலும் ஜாவா லைப்ரரிகளைத்தான் நிறைய கூப்பிடுவீங்க. சர்வர் வேலைக்குப் போறதா இருந்தா ஜாவாவை விட்டுறாதீங்க.

கேட்டவர்:
கூலி ஃபைலை மாத்திட்டேனுங்க. அட்வான்ஸ் கழிக்கற இடத்துலயும் அதே ஓட்டை இருந்துருக்குது, கம்பைலர் பிடிச்சுக் குடுத்துருச்சு. எண்ணிக்கை போடாத பேரெல்லாம் இப்ப சிவப்புல மேல வந்து நிக்குது, அதை நிரப்பினாத்தான் அவங்க சம்பளச் சீட்டு வரும். ஸ்கிரீனெல்லாம் இப்போதைக்கு ஜாவாவிலயே இருக்கட்டுமுங்க.