கொம்பேறி மூக்கன், கண்கொத்தி: பெயரே கிலி கிளப்பிய அனுபவங்கள்

முருங்கைக்காய்:
கொம்பேறி மூக்கன் பாம்பு ஆளைக் கடித்துவிட்டுச் சுடுகாட்டு மரத்தில் ஏறி, அவரை எரிக்கும் புகை வருகிறதா என்று பார்க்குமாமே, அந்தக் கதைதான். எங்கள் வேப்பமரத்தில் ஒன்று சரசரவென ஏறியதும் ஆச்சி கத்தினார்: "யாரைக் கடிச்சிட்டு ஏறுதுன்னு பாருங்கடா!" எங்களை எல்லாம் திண்ணையில் உட்காரவைத்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒவ்வொரு காலாகப் புரட்டிப் பார்த்தார். மேலே அந்தப் பாம்பு ஓர் ஓணானைக் கவ்விக்கொண்டு, விழுங்கவும் முடியாமல் விடவும் மனசில்லாமல் கிடந்தது. அப்புறம் கம்போடு ஆள் வந்தாயிற்று. அடித்தது போதாதென்று எரித்தும் விட்டார்கள். விஷமே இல்லாத பாம்பு அது! கிளையில் ஏறுவதால் கொம்பேறி. இதற்கு ஏன் சுடுகாடு?

செம்மண்_79:
கொம்பு சரி, மூக்கன் எங்கே போனான்? மூக்கு நீண்டிருப்பது பச்சைப்பாம்புக்கு. எங்கள் ஊரில் அதையே கொம்பேறி மூக்கன் என்பவர்களும் உண்டு. செம்பருத்தி பறிக்கும்போது என் முகத்துக்கு நேரே கொடி மாதிரி ஆடிக்கொண்டு நின்றது. அதன் கண்மணி படுக்கைவாட்டில் ஒரு கோடு. அது கண்ணைக் கொத்தும் என்று பயந்துதான் கண்கொத்தி என்றும் பெயர் வைத்தார்கள். அந்த இனத்தின் அறிவியல் பெயரான அஹேட்டுல்லா சிங்களச் சொல். அதற்கும் கண்ணைக் கொத்துவது என்றே பொருள். பச்சைப்பாம்புக்கு லேசான விஷம் உண்டு, மனிதரைக் கொல்லாது.

வாய்க்கால்:
பெயர் ஆராய்ச்சி இருக்கட்டும். என் மாமாவைக் கடித்ததைக் கட்டுவிரியன் என்றார் ஒருவர், அதைப் போலவே இருக்கும் விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையன் என்றார் இன்னொருவர். அந்தச் சண்டையிலேயே அரை மணி நேரம் போயிற்று. தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். கடித்த காலை அசைக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். பாம்பைப் பிடித்துக்கொண்டும் போக வேண்டாம். நம் நாட்டில் போடும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்தே செய்தது. கட்டுவிரியன் ராத்திரியில் தூங்குகிறவரைக் கடித்தால் பல சமயம் வலியே தெரியாது, தடமும் இருக்காது. விடியற்காலை வயிற்றுவலி, இமை தானாகச் சரிவது இருந்தால் உடனே கிளம்புங்கள். தரையில் படுப்பவர்கள் கொசுவலையைப் பாய்க்கடியில் செருகிக்கொள்ளுங்கள்.

முருங்கைக்காய்:
வாய்க்கால், மாமா என்ன ஆனார்? அதைச் சொல்லாமல் போனால் எப்படி!

வாய்க்கால்:
நன்றாக இருக்கிறார். வரையன்தான்.